மூன்றாம் நாள் இறைப்பு

நெடுந்தீவில் எங்கள் ஆய்வுகூடம் ஒருகாலத்தில் பூட்டிய இறைப்பு மிசின் எந்த வீட்டு வளவில் நின்றது என்று கேட்டு, அண்மையில் பல்கலைக்கழகப் பீடத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் தொலைபேசியில் கதைத்தார். நல்ல பிள்ளை. முதலாம் வருட மாணவனாக இருந்தபோது வயரை மாறிப் பூட்டிப் புகை எழுப்பி என்னிடம் வாங்கிக் கட்டியவர். இப்போது கலாநிதிப் பட்டம் எடுத்து வந்து அதே ஆய்வுகூடத்தை நடத்துகிறார். தீவுகளில் காற்றையும் வெயிலையும் சேர்த்து மின்சாரம் எடுக்கிற புதிய ஆய்வொன்று தொடங்கப்போகிறதாம். சோலார் தகடுகள் நிறுத்தப் பழைய அத்திவாரம் ஏதும் மிஞ்சியிருந்தால் வேலை குறையும் என்றார்.

"அக்கா, அந்தச் சீமெந்துக் கட்டு இன்னும் இருக்குமோ?"

"கட்டும் இருக்கும். பக்கத்திலை கிணறும் இருக்கும்."

"கிணறு எங்களுக்குத் தேவையில்லை அக்கா. கட்டு இருந்தாக் காணும்."

அவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இடம் காட்ட நானே வருகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். போயும் வந்தேன். வழியில் அவரும் மாணவர்களும் அந்தக் கிணற்றுக் கதையைக் கேட்டார்கள். கடல் கொஞ்சம் முரண்டு பிடித்த நாள். படகுச் சத்தத்தில் பாதி நான் சொல்லவில்லை, பாதி அவர்களுக்குக் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஊர் புங்குடுதீவு, மடத்துவெளி. தொழில்நுட்பக் கல்லூரியில் மின்வேலை படித்த வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். ஏணி பிடிக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். ஏணி பிடித்துப் பிடித்தே மேலே நடக்கிற வேலை முழுவதையும் பார்த்துப் பழகினேன். பிறகு பல்கலைக்கழகத்தின் சக்தி ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக எடுபட்டு, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். படித்த காலத்துக் கதை இவ்வளவும் போதும். வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியவந்தது பேராசிரியர் அருமைத்துரையிடம் அகப்பட்ட பிறகுதான்.

அவர் அந்த ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர். வெயில் எரித்தாலும் முழுக்கைச் சேட்டின் மணிக்கட்டுப் பொத்தான் கழலாது. படகில் ஏறினாலும் சப்பாத்துத்தான். ஒருவரையும் ஏசமாட்டார். ஏசினாலும் பரவாயில்லை என்று இருக்கும். ஒரு கருவியை வாசித்து "கிட்டத்தட்ட இவ்வளவு சேர்" என்று யாராவது சொன்னால் போதும், "அளந்தீரோ, நினைச்சீரோ?" என்று கேட்பார். பிறகு அந்தக் கருவியைக் கையிலிருந்து மெதுவாக வாங்கி, துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடியை மூடுவார். அவ்வளவுதான். அன்றைக்கு அந்த ஆளுக்கு வேலை இல்லை. சும்மா கதிரையில் இருக்க வேண்டியதுதான். என்னை அப்படி இருத்திய நாட்களில் மனதுக்குள் அவரைப் பேசாத பேச்சில்லை.

அவருடைய ஆய்வு, பற்றரி இல்லாமல் வெயிலில் நேரடியாக ஓடுகிற இறைப்பு மிசின். தீவுக்கு மண்ணெண்ணெய் படகில் வரவேண்டும். காற்று எழுந்தால் படகு வராது. பற்றரி வைத்தால் உப்புக்காற்று அதன் காலை வாரிவிடும். வெயிலுக்கு மட்டும் அங்கே தட்டுப்பாடில்லை. ஆகவே தகடு, மோட்டர், கிணறு மூன்றையும் நேரே தொடுத்துவிட்டு, எவ்வளவு வெயிலுக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, தகட்டில் படிகிற உப்புத்தூசு எவ்வளவு மின்சாரத்தைத் தின்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. எங்கள் கட்டுரைகளில் அந்தத் தண்ணீருக்குப் பெயர் சுமை. மோட்டர் தூக்குகிற சுமை. அதற்குமேல் அந்தத் தண்ணீரைப் பற்றி எழுத எங்கள் துறையில் இடமில்லை.

நெடுந்தீவில் நாங்கள் தெரிந்தெடுத்தது திரேசாவின் வளவுக் கிணறு. திரேசாவுக்கு என்னிலும் கொஞ்சம் வயது குறைவு. சண்டையில் இடம்பெயர்ந்த இடத்தில் புருசன் நோயில் போய்விட, சனம் திரும்பிய காலத்தில் தனியாகத் திரும்பி வந்தவள். இடிந்து கிடந்த கல்வேலியைத் தானே திரும்ப அடுக்கினாள். பசுக்கள் நாலைந்து, ஒரு சின்னக் கத்தரித் தோட்டம். மகன் வவுனியாவில். வந்து தன்னோடு இருக்கச் சொல்லி அவன் கரைச்சல் கொடுத்தபடி.

முதல் நாள் அவள் சொன்னது எனக்கு இன்றும் காதில் நிற்கிறது. "அக்கா, இந்தத் தண்ணி நல்ல தண்ணியா இருக்கும்வரைக்கும் நான் இஞ்சைதான். இது சவர்த்தா மாடும் இல்லை, தோட்டமும் இல்லை. பிறகு மகன் வீட்டுக் கோடிக்குள்ளை ஒரு மூலைதான்."

நெடுந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் குறைவு. மற்றவை சவர், அதாவது உப்புத் தட்டுகிற தண்ணீர். இருக்கிற நல்ல கிணறும் பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமாக இராது. காணி உறுதிப் பத்திரத்திலேயே கிணற்றில் இத்தனை பங்கு என்று எழுதியிருக்கும். திரேசாவின் கிணற்றில் மூன்று பங்கு. ஒருநாள் அவளுடைய முறை. அடுத்த நாள் பக்கத்து வளவுக் கந்தையா அண்ணையின் முறை. மூன்றாம் நாள் சில்வெஸ்டரின் முறை. சில்வெஸ்டர் சண்டைக் காலத்தில் கனடாவுக்குப் போனவர், பிறகு இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. அவருடைய வளவில் ஆமணக்குத்தான் நின்றது. ஆனால் அவருடைய முறை நாளில் ஒருவரும் கிணற்றில் வாளி போடமாட்டார்கள். முதல்நாளே தொட்டியில் நிரப்பி வைத்துச் சமாளிப்பார்கள்.

"ஆள்தான் இல்லையே, அள்ளினால் என்ன?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

கந்தையா அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆள் இல்லையெண்டு அவன்ரை வளவுக்குள்ளை போய்ப் படுக்கலாமோ பிள்ளை? முறையும் அப்பிடித்தான். இண்டைக்கு அள்ளினா நாளைக்கு உரித்துக் கேப்பினம் எண்டு அவன் அங்கை இருந்து நித்திரை கொள்ளமாட்டான்."

எனக்கு அது வீண் வறட்டுக் கௌரவமாகப் பட்டது. எங்கள் அட்டவணையில் அந்த நாளுக்கு நேரே "இறைப்பு இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவேன்.

பேராசிரியருக்கு அந்தக் கிணறு எப்படிப்பட்டது என்று நன்றாகத் தெரியும். மிசின் பூட்டுவதற்கு முன் மூவரையும், அதாவது திரேசாவையும் கந்தையா அண்ணையையும் என்னையும், கிணற்றடியில் நிறுத்திச் சொன்னார். "கீழை கிடக்கிறது கடல் தண்ணி. மேலை மழைத் தண்ணி மிதக்குது. ஆறுதலா எடுத்தா மேல் தண்ணி வரும். அவசரப்பட்டு எடுத்தா அடியிலை நிக்கிறது ஏறும். ஏறினா லேசிலை இறங்காது."

"அது தெரிஞ்சுதானே சேர் வாளியாலை அள்ளுறம்," என்றாள் திரேசா.

"வாளிக்குக் கை நோகும். மிசினுக்கு நோகாது. அதுதான் பயம்."

ஆகவே மிசினுக்கு ஒரு நேரக்கட்டுப்பாடு வைத்தார். காலையில் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு தானாக நிற்கும். அந்தக் கட்டுப்பாட்டை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை என்னிடம் தந்தார். திரேசாவின் முறையிலும் கந்தையா அண்ணையின் முறையிலும் ஓடும். மூன்றாம் நாள் ஓடாது.

அளக்கிற முறையையும் சொல்லவேண்டும். எஃகு நாடாவில் வெண்கட்டி பூசி, கிணற்றுக்கட்டில் குறித்த அதே இடத்திலிருந்து இறக்குவோம். தண்ணீர் தொட்ட இடம்வரை வெண்கட்டி கறுக்கும். அதை வைத்து நீர்மட்டம் எடுப்போம். பிறகு உப்புமானி. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை வைத்து உப்பைச் சொல்லுகிற சின்னக் கருவி அது. முதல் வாளித் தண்ணீரை எடுக்கக் கூடாது. கிண்ணத்தை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்றுதரம் அலசவேண்டும். அலசிய தண்ணீரைக் கிணற்றுக்குத் தள்ளிப்போய் ஊற்றவேண்டும். நிழலில் பிடிக்கவேண்டும். முள் ஆடி நின்ற பிறகு ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல, அதன்பிறகுதான் பேனை தாளில் முட்டலாம். ஆளில்லாத வெளியில் நானும் அவரும் ஒரே எண்ணை மாறிமாறிச் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் திரேசா சிரிப்பாள். "செபமாலை சொல்லுறமாதிரிக் கிடக்கு," என்பாள்.

ஒரு மாரி போய், கோடை போய், அடுத்த மாரியும் வந்தது. உப்புமானி அசையவில்லை. எங்கள் நேரக்கட்டுப்பாடு சரி என்று முடிவுக்கு வந்தோம். பீடத்தில் அதைப் பெரிதாகப் பேசினார்கள்.

அந்த மாரி பேருக்குத்தான் பெய்தது. அடுத்து வந்த கோடையில் மேய்ச்சல் கருகி, மாடுகள் கல்வேலியோரம் எலும்பாக நின்றன. திரேசாவின் பசு ஒன்று கன்று போட்டிருந்தது. மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீர் போதாமல், அவள் தூரத்துப் பொதுக்கிணற்றிலிருந்து சைக்கிளில் பிளாஸ்ரிக் கான் கட்டி ஏற்றிவரத் தொடங்கினாள். ஏற்கனவே வலது தோள்மூட்டு விலகிப் பொருத்தப்பட்ட கை.

கனடாவுக்கு எடுத்துச் சில்வெஸ்டரிடம் கேட்டிருக்கிறாள். அவர் அழாக்குறையாகச் சொன்னாராம், "என்ன திரேசா இதைப்போய்க் கேக்கிறாய், தாராளமா எடு" என்று. அடுத்த முறை நாங்கள் போனபோது அதைப் பேராசிரியரிடம் சொல்லி, மூன்றாம் நாளும் மிசினை ஓடவிடச் சொல்லிக் கேட்டாள். கந்தையா அண்ணையும் ஆட்சேபமில்லை என்றார்.

"அவர் தந்திட்டார், சரி," என்றார் பேராசிரியர். "கிணறு தருமோ எண்டு நான் அளக்கேல்லை."

"ஒரு நாள்தானே சேர்."

"ஏலாது."

அடுத்த முறையும் கேட்டாள். அடுத்த முறையும் ஏலாது. படகில் திரும்பி வரும்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். கல்லு மனுசன் என்று நினைத்தேன். ஏலாது என்று சொல்லிவிட்டு இந்த மனிதனுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை நாங்கள் இறங்குதுறையிலிருந்து லான்ட்மாஸ்டர் உழவுவண்டியில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் திரேசா. சைக்கிள் கல்லில் ஏறிச் சரிந்து, கான் உடைந்து, தண்ணீர் முழுக்க ஒழுங்கையில் ஓடிவிட்டது. அவள் எழும்பவில்லை. தோளை மற்றக் கையால் பொத்திக்கொண்டு வெயிலில் அப்படியே இருந்தாள். பின்னாலே வந்த கன்று ஈரமான நிலத்தை நக்கியது. முருகைக்கல்லில் நாக்கு உரசுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். பேராசிரியர் இறங்கவே இல்லை, கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிணற்றடிக்கு வந்ததும் சொன்னார், "ரதி, பெட்டியைத் திறவும். மூண்டாம் நாளும் ஓடட்டும்."

"எவ்வளவு நேரம் சேர்?"

"மற்ற நாளைப்போலைதான்."

அவர் அளக்காமல் சொன்ன சொல் என் காலத்தில் அது ஒன்றுதான். எனக்கோ அன்றைக்குத்தான் அவரில் பெரிய மதிப்பு வந்தது. இந்த மனிதனுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று நினைத்தேன். கட்டுப்பாட்டை மாற்றிப் பெட்டியைப் பூட்டும்போது எனக்குக் கண் கலங்கியது. திரேசா பால் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஆய்வு நடக்கிற இடத்தில் யாரிடமும் பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர், அன்றைக்கு வாங்கிக் குடித்தார்.

பிறகு கொஞ்சக்காலம் அந்த வளவைப் பார்க்க ஆசையாக இருந்தது. கத்தரி இரட்டிப்பாக நின்றது. கன்று துள்ளித் திரிந்தது. திரேசா சைக்கிளைக் கொட்டிலில் சாத்திவிட்டாள். மகன் கரைச்சல் கொடுப்பதை விட்டுவிட்டான் என்று சிரித்துச் சொன்னாள். "இனி என்னை இஞ்சையிருந்து கிளப்ப ஏலாது எண்டு அவனுக்கு விளங்கியிட்டுது அக்கா."

உப்பு ஏறியதை முதலில் கண்டது நான்தான். கிண்ணத்தை மூன்றுதரம் அலசி, நிழலில் பிடித்து, வாசித்தேன். எதிரே நின்ற பேராசிரியர் திருப்பிச் சொல்லவில்லை.

"இன்னொருக்கால் அலசும்," என்றார்.

அலசினேன். வாசித்தேன். கருவியைத் தானே வாங்கி, தானே அலசி, தானே வாசித்தார். இந்த முறை நான் திருப்பிச் சொல்லவேண்டியவள். என் வாயால் அந்த எண் வரவில்லை.

அந்த நிமிடமே மிசினை நிற்பாட்டினார். ஆனால் உப்பு நிற்கவில்லை. கத்தரி இலையின் ஓரம் தீய்ந்தது. பசு தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. கந்தையா அண்ணையின் மனைவி, தேத்தண்ணி சவர்க்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். பின்பு வந்த மாரியில் கொஞ்சம் இறங்கியது. நாங்கள் எல்லோரும் மூச்சுவிட்டோம். வைகாசி வெயிலோடு திரும்ப ஏறியது.

ஏன் என்று பேராசிரியருக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதே நேரம்தான் ஓடியது. அந்த நேர அளவு பிழையில்லை என்று இரண்டு மாரியும் ஒரு கோடையும் அளந்து கண்டிருக்கிறோம். நாட்கணக்காக யோசித்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் கிணற்றடியில் கந்தையா அண்ணையிடம் கேட்டார்.

"சில்வெஸ்டர் போனபிறகு அவரின்ரை முறையிலை ஒருத்தரும் ஒருக்காலும் அள்ளேல்லையோ?"

"ஒருக்காலும் இல்லை."

"செத்தவீடு, கலியாணவீடு வந்தா?"

"பொதுக்கிணத்திலை அள்ளுவம். முறை முறைதானே ஐயா."

பேராசிரியர் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் மனித முகமாக இல்லை.

"அந்த நாளை நாங்கள் வெறும் நாள் எண்டு நினைச்சிட்டம் ரதி," என்றார். "கிணறு தன்னைத் தானே சரிப்பண்ணினது அந்த நாளிலைதான். நாங்கள் அளந்ததெல்லாம் அந்த நாளின்ரை புண்ணியத்திலை வந்த எண்."

எனக்குத் தலையில் அடித்துக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது. கனடாவில் இருக்கிற ஒரு மனிதனின் உரித்துக்கு மதிப்பு வைத்து இந்தச் சனம் கிணற்றை ஒருநாள் விட்டுவைத்தது. கிணறு ஆறட்டும் என்று அவர்களும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. ஒருவருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்த நல்ல காரியத்தை, நல்ல மனதோடு நிற்பாட்டினோம்.

அன்றைக்கே திரேசாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "பிழை என்னிலை. அளக்காமல் திறக்கச் சொன்னது நான்."

திரேசா அழவில்லை. "கேட்டது நான் சேர்," என்றாள். "விடாமல் கேட்டது நான்."

"கேட்டா எல்லாம் குடுக்கிறதுக்கோ நான் படிச்சனான்?"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ சேர். நீங்கள் மாட்டன் எண்டுதான் நிண்டனீங்கள்..."

கந்தையா அண்ணை குறுக்கே வந்தார். "கிணத்தைத்தான் பங்கு பிரிச்சு வைச்சிருந்தம். இப்ப பிழையையும் பங்கு பிரிக்கிறியளோ? எனக்கு ஒரு பங்கு வையுங்கோ. நானும்தான் ஓம் எண்டனான்." சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துவாயை உதறிப் போட்டுக்கொண்டு தன் வளவுக்குப் போனார். அதன்பிறகு அவர் எங்களோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

பேராசிரியர் உப்புமானியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். தன் கையிலிருந்தே தான் வாங்கி வைத்ததுபோல இருந்தது.

சில்வெஸ்டருக்கு நடந்ததைத் திரேசாதான் சொன்னாள். அவர் கோபிக்கவில்லையாம். "அப்ப நான் அங்கை இல்லாமல் இருந்ததாலைதான் அந்தக் கிணறு இருந்திருக்கு" என்றாராம். ஓய்வெடுத்தபிறகு வந்து அந்த வளவில் வீடு கட்டவேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆய்வின் முடிவை எழுதவேண்டிய நேரம் வந்தது. மிசினைப் பொறுத்தவரை ஒரு குறையும் இல்லை. தகடு நன்றாக வேலை செய்தது, மோட்டர் எதிர்பார்த்ததிலும் நன்றாகத் தூக்கியது. பேராசிரியர் கட்டுரையின் கடைசியில் கிணற்றுக்கு நடந்ததையும் எழுதினார். கிணறு சக்தித் துறைக்குள் வராது, அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் போடலாம் என்று பதில் வந்தது. அவர் எடுக்கவில்லை. கட்டுரை வெளிவரவில்லை. பீடத்தில் சிலர் வீம்பு என்றார்கள். ஒருவர் என்னிடமே, "மிசின் நல்லா ஓடினதுதானே, உந்த மனுசனுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

தகடுகளைக் கழற்றப் போனது நான். இரும்புச் சட்டத்தில் ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. திரேசா எண்ணெய் கொண்டுவந்து ஊற்றித் தந்தாள். மாடுகளை மேற்குப் பக்கத்தில் இருந்த தங்கச்சி வீட்டுக்கு ஓட்டிவிட்டிருந்தாள். வெறும் பட்டியில் கட்டைகள் மட்டும் நின்றன. அடுத்த கிழமை மகன் வருகிறான் என்றாள்.

பேராசிரியர் ஓய்வு பெற்றபிறகும் தனியாக நெடுந்தீவுக்குப் போய் வந்தார் என்று பிறகு அறிந்தேன். கால் இயலாமல் போகும்வரை போயிருக்கிறார். கடைசிக் காலத்தில் நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "திரேசா அங்கைதானோ?" எனக்குத் தெரியாது. ஓம் சேர், அங்கைதான் என்பேன். "அளந்தீரோ, நினைச்சீரோ?" என்று அவர் அப்போது கேட்கவில்லை. அவர் காலமாகிவிட்டார். ஆய்வுகூடத்தில் அவருடைய படம் மாட்டியிருக்கிறது.

இனி, அண்மையில் போனதற்கு வருகிறேன். விரிவுரையாளரும் மாணவர்களும் வளவுக்குள் நுழைந்ததும் சீமெந்துக் கட்டைச் சுற்றி நின்று அளக்கத் தொடங்கினார்கள். எனக்கு வீட்டுக் கதவைப் பார்க்கப் பயமாக இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. திரேசா வெளியே வந்தாள். தலை முழுக்க வெள்ளை. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது என்பது, என்னைக் கண்டு கையை அசைத்தபோது தெரிந்தது. இருவரும் கொஞ்சநேரம் அழுதோம். மகன் வந்து கூட்டிக்கொண்டு போனானாம், ஒரு வருடம் இருந்துவிட்டு ஏலாமல் திரும்பி வந்துவிட்டாளாம். குடிக்கச் சுத்திகரித்த தண்ணீர் கானில் கிடைக்கிறது. மாடு இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் ஆமணக்கு நின்றது, சில்வெஸ்டரின் வளவில் போலவே.

என் பைக்குள் அந்தப் பழைய உப்புமானி இருந்தது. புறப்படும்போது ஏன் எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. கிணற்றுக்கட்டில் வாளியும் கயிறும் கிடந்தன. கயிறு புதுசு. நான் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டேன்.

"திரேசா, ஒரு வாளி அள்ளட்டோ? ஒருக்கால் பாப்பம்."

"இண்டைக்கு வேண்டாம் அக்கா."

"ஏன்?"

"இண்டைக்குச் சில்வெஸ்டரின்ரை முறை."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கிணற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "மற்ற நாளும் என்ன, சவர்தான். நானும் கந்தையா அண்ணையும் சாமான் கழுவ ஒரு வாளி அள்ளுறதோடை சரி. ஆனா இந்த நாளிலை மட்டும் தொடுறேல்லை. சேர் கடைசியா வந்தபோது, இந்த நாளை விட்டுவையுங்கோ, உங்கடை காலத்திலையோ பிறகோ கிணறு திரும்பும் எண்டவர். அளந்து சொல்லுறியளோ, நினைச்சுச் சொல்லுறியளோ எண்டு கேட்டனான்."

"என்ன சொன்னவர்?"

"நினைச்சுத்தான் எண்டவர்."

சீமெந்துக் கட்டடியிலிருந்து விரிவுரையாளர் கூப்பிட்டார். "அக்கா, எங்கடை வேலை முடிஞ்சுது. நீங்களும் அளந்திட்டீங்களோ?"

"இல்லைத் தம்பி," என்றேன். ஈரம் படாத கிண்ணத்தைத் துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, மூடியை மூடினேன்.